என் கணினியில் ஓடுகிறது, கடைக்காரர் கணினியில் ஓடவில்லை: காணாமல் போன டிஎல்எல்லை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ வரும். மானிட்டரை மொபைலில் பிடித்த, கொஞ்சம் சாய்ந்த ஃபோட்டோ. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு வரி: விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை, நிரலை மறுபடி நிறுவினால் சரியாகலாம். (டிஎல்எல் என்பது நிரல் ஓடும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளும் தனிக் கோப்பு.) ஃபோட்டோவுக்குக் கீழே ஒரே கேள்வி: "சார், என்ன பண்ணணும்?"

சின்னக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேரை சி++ மொழியில் எழுதிக் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் இந்த ஃபோட்டோவுக்கு என் பதில், "ஒரு தடவை எடுத்துட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க" என்பதுதான். பெட்டியே அப்படித்தானே சொல்கிறது. ஆனால் என் இன்ஸ்டாலருக்குள் அந்தக் கோப்பே இல்லாதபோது, எத்தனை முறை நிறுவினாலும் அது எங்கிருந்து வரும்? கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் நிற்க, அந்த மனிதர் என் பேச்சை நம்பி மூன்று முறை நிறுவிப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு அந்தப் பதிலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நாம் நிரல் எழுதும் கணினி இந்த விஷயத்தில் நமக்குச் சாட்சி சொல்லாது. நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ இருக்கும் இடத்தில், அதில் கட்டும் நிரல் ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகள், பிழை தேடுவதற்கான டீபக் ரன்டைம் உட்பட, ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே வாடிக்கையாளரின் திரையில் தெரிவதுதான் நம்பத்தகுந்த தடயம். அதில் ஓர் எழுத்து மாறினாலும் காரணம் மாறிவிடும். ஃபோட்டோவைப் பெரிதாக்கி, கோப்பின் பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கீழே உள்ளதைப் பாருங்கள். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

"இந்த டிஎல்எல் கிடைக்கவில்லை" என்று பெயர் சொல்லிப் பெட்டி வருகிறது

இருப்பதிலேயே நல்ல அறிகுறி இதுதான், பெயரைச் சொல்லிவிடுகிறது. விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்று 140-இல் முடிந்தால், விஷுவல் ஸ்டூடியோ 2015 அல்லது அதற்குப் பின் வந்த 2017, 2019, 2022 போன்ற பதிப்பு ஒன்றில் கட்டிய நிரல். இவை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு (ரன்டைம் கோப்புகளை நிறுவும் மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) போதும். ஒரே நிபந்தனை: வாடிக்கையாளரிடம் இருக்கும் தொகுப்பு, நீங்கள் பயன்படுத்திய கம்பைலரின் பதிப்புக்குச் சமமாகவோ அதைவிடப் புதிதாகவோ இருக்க வேண்டும்.

பெயர் எம்எஸ்விசிஆர்120 என்றிருந்தால் அது 2013, 110 என்றால் 2012, 100 என்றால் 2010. இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுப்பு; 2022-இன் தொகுப்பை எத்தனை முறை போட்டாலும் இவை வராது. "நான் 2022-இல்தானே கட்டினேன், 2010 எங்கே வந்தது?" என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலும் அதைக் கேட்பது உங்கள் நிரல் அல்ல. ரசீது பிரிண்டருக்கோ எடைத்தராசுக்கோ அதைச் செய்தவர்கள் கொடுத்த பழைய டிஎல்எல்தான் கேட்கும்.

விசிரன்டைம்140_1 என்று கடைசியில் ஒரு கீழ்க்கோடும் ஒன்றும் ஒட்டியிருக்கிறதா? அந்தக் கோப்பு 64 பிட்டில் மட்டும் உண்டு, 2019 பதிப்போடு வந்தது. அதாவது வாடிக்கையாளரிடம் 2015 அல்லது 2017 காலத்துத் தொகுப்பு இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் "விஷுவல் சி++" என்ற பெயரைப் பார்த்து "ஏற்கெனவே இருக்கே சார்" என்பார். இருக்கிறதுதான், ஆனால் பழசு. மேலேயே புதியதை நிறுவச் சொன்னால் போதும், பழையதை நீக்க வேண்டியதில்லை. எம்எஃப்சி140யு, விகாம்ப்140 போன்றவையும் இதே தொகுப்பிலேயே வந்துவிடும்.

தொகுப்பில் முக்கியமாக எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) என்று இரண்டு உண்டு. எதைப் போடுவது என்பதை உங்கள் நிரல் முடிவு செய்கிறது, விண்டோஸ் அல்ல. நிரல் 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்86 தொகுப்புதான் வேண்டும். நான் பார்த்த அழைப்புகளில் பாதி இந்த ஒரு குழப்பத்தில் வந்தவை.

அப்புறம், டிஎல்எல் கோப்பைத் தனியாகத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. கோப்பின் பெயரைத் தேடினாலே முதலில் வந்து நிற்பவை அவைதாம். அங்கிருந்து எடுத்து சிஸ்டம்32-இல் போடும்படி யாருக்கும் சொல்லாதீர்கள். யார் ஏற்றிய கோப்பு என்று தெரியாது, எந்தப் பதிப்பு என்று தெரியாது, 32-ஆ 64-ஆ என்றும் தெரியாது. கணக்கு வழக்கு எல்லாம் இருக்கும் கணினியில் அந்தக் கோப்பு நம் நிரலுக்குள்ளேயே ஏறி உட்காரும். தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்துவிட்டால் வாடிக்கையாளர் தேடிப் போகவே வேண்டாம்.

பெயரின் கடைசியில் ஒரு "டி" இருக்கிறது

விசிரன்டைம்140டி, எம்எஸ்விசிபி140டி, யுசிஆர்டிபேஸ்டி. இந்தக் கடைசி எழுத்து டீபக்கைக் குறிக்கிறது. டீபக் ரன்டைமை மற்றவர்களுக்குக் கொடுக்க உரிமத்தில் இடமில்லை, எந்தத் தொகுப்பிலும் அது வராது. உங்கள் கணினியிலிருந்து நகலெடுத்து அனுப்பும் எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளருக்கான ரிலீஸ் அமைப்பில் கட்டி அனுப்புங்கள்.

"ரிலீஸில்தான் கட்டினேன்" என்றால், கூடவே போகும் டிஎல்எல்களில் ஏதோ ஒன்று டீபக் ஃபோல்டரிலிருந்து வந்திருக்கும். விஷுவல் ஸ்டூடியோவின் டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்டில் டம்ப்பின் என்று அடித்து, "/டிபென்டன்ட்ஸ்" கொடுத்து, ஒவ்வொரு டிஎல்எல்லின் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். யார் அந்த "டி" கோப்பைக் கேட்கிறார்கள் என்று பட்டியலிலேயே தெரியும்.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீண்ட பெயர்

இது யுனிவர்சல் சிஆர்டி, அதாவது சி மொழியின் பொதுவான ரன்டைம். விண்டோஸ் 10 முதல் இது விண்டோஸின் ஒரு பகுதி, எனவே அங்கே இந்தப் பிழை வராது. ஃபோட்டோவில் இது தெரிந்தால் அந்தக் கணினி விண்டோஸ் 7 அல்லது 8.1 என்று கேட்காமலே சொல்லலாம். பழைய விண்டோஸ் 7 கணினியை பில் போட மட்டும் வைத்திருக்கும் கடைகள் இன்னும் உண்டு.

ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பே கேபி2999226 என்ற அப்டேட் வழியாக இதைப் போட முயலும். விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டாலோ, அப்டேட் சேவையை யாராவது முடக்கி வைத்திருந்தாலோ அது தோற்கும். முதலில் சர்வீஸ் பேக், அடுத்து கேபி2999226, பிறகு தொகுப்பு. இந்த வரிசையில் போனால் ஏறிவிடும். அது எதுவும் நடக்காத கணினி என்றால் விண்டோஸ் எஸ்டிகேயின் ரீடிஸ்ட் ஃபோல்டரில் யுசிஆர்டி என்ற உள் ஃபோல்டர் இருக்கிறது; அங்கிருக்கும் டிஎல்எல்கள் எல்லாவற்றையும் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிடலாம். ஒன்றிரண்டை மட்டும் எடுக்காதீர்கள், அத்தனையும் வேண்டும்.

"சரியாகத் தொடங்க முடியவில்லை", 0எக்ஸ்சி000007பி

எனக்கு அதிக நேரம் தின்றது இந்த எண்தான். பெட்டியில் எந்தக் கோப்பின் பெயரும் இருக்காது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: 32 பிட் நிரல் 64 பிட் டிஎல்எல் ஒன்றைப் பிடித்துவிட்டது, அல்லது மறுதலை. கோப்பு இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் தவறான வகை.

இதில் சிக்க வைப்பது விண்டோஸின் ஃபோல்டர் பெயர்கள். 64 பிட் விண்டோஸில், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். "32 பிட் டிஎல்எல், சிஸ்டம்32-இல் போடுவோம்" என்று யாரோ நல்ல மனதோடு போட்ட கோப்பு, அதுவரை ஒழுங்காக ஓடிய நான்கு நிரல்களையும் சேர்த்துப் படுக்க வைக்கும்.

ஒரு மளிகைக் கடையில் எனக்கு நடந்தது இது. என் நிரல் 64 பிட்டுக்கு மாறிய பதிப்பு. பிரிண்டருக்கான டிஎல்எல் பழைய 32 பிட், பழைய நிறுவலிலிருந்து அதே ஃபோல்டரில் அப்படியே இருந்தது. என் இன்ஸ்டாலர் அதே பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அங்கே இருந்த கோப்பின் தேதி புதிதாக இருந்ததால் அதை மாற்றாமல் விட்டுவிட்டது. அந்தக் கணினியில் எந்தக் கருவியும் இல்லை, ரிமோட்டில் வேகமும் இல்லை. நோட்பேடில்தான் கண்டுபிடித்தேன். டிஎல்எல்லை நோட்பேடில் திறந்தால் குப்பை போல எழுத்துகள் வரும். முதல் சில வரிகளுக்குள்ளேயே "பிஇ" என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சேர்ந்து நிற்கும். அதை அடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, சின்ன "டி" எழுத்தும் சிலுவை போன்ற ஒரு குறியும் இருந்தால் 64 பிட். பெரிய "எல்" இருந்தால் 32 பிட். பிரிண்டர் கோப்பில் "எல்" இருந்தது. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் கோப்பு கெட்டுவிடும்.

கருவி இருக்கும் இடத்தில் டம்ப்பின்னுடன் "/ஹெட்டர்ஸ்" கொடுத்தால் நேராகவே சொல்லும்: 8664 என்றால் 64 பிட், 14சி என்றால் 32 பிட். எந்த இடத்திலிருந்து தவறான கோப்பு வருகிறது என்று தெரியவில்லையா? மைக்ரோசாஃப்டின் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, உங்கள் நிரலின் பெயரையும், பாதை டிஎல்எல் என்று முடிவதையும் வடிகட்டியாகக் கொடுங்கள். நிரல் நிற்பதற்குச் சற்று முன் எந்தக் கோப்பைத் திறந்தது என்று பட்டியலின் கடைசியிலிருந்து மேலே படித்து வாருங்கள். பொதுவாக விண்டோஸ் முதலில் நிரல் இருக்கும் ஃபோல்டரிலும், அடுத்து சிஸ்டம் ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டர், நடப்பு ஃபோல்டர் என்றும், கடைசியாகத்தான் பாத் மாறியில் இருக்கும் இடங்களிலும் தேடும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

"என்ட்ரி பாயின்ட் கிடைக்கவில்லை"

கோப்பு கிடைத்தது, வகையும் சரி, ஆனால் அதற்குள் நாம் தேடும் ஃபங்ஷன் இல்லை. பழைய பதிப்பைப் பிடித்திருக்கிறது. மின்ஜிடபிள்யூ என்ற வேறொரு கம்பைலரில் கட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும்: லிப்எஸ்டிடிசி++-6 என்ற பெயரிலேயே வேறொரு நிரல் கொண்டுவந்த பழைய கோப்பு பாத் வழியாக முன்னால் வந்து நிற்கும். அதையும், லிப்ஜிசிசி_எஸ்_எஸ்இஹெச்-1, லிப்வின்பித்ரெட்-1 ஆகியவற்றையும் நீங்கள் கட்டிய அதே கம்பைலரின் பின் ஃபோல்டரிலிருந்து எடுத்து நிரலின் பக்கத்திலேயே வையுங்கள். அல்லது இணைக்கும்போது "-ஸ்டேட்டிக்" கொடுத்துவிடுங்கள், கோப்பே தேவைப்படாது.

பிழைப் பெட்டியே இல்லை, திறந்தவுடன் மூடிக்கொள்கிறது

ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சிவப்புக் குறியுள்ள கடைசிப் பதிவில் எந்த மாட்யூலில் விழுந்தது என்று இருக்கும். அங்கே எம்எஸ்விசிபி140.டிஎல்எல் என்றும், எண் 0எக்ஸ்சி0000005 என்றும் இருந்தால் உங்கள் நிரலைத் திருத்த உட்கார்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: சமீபத்தில் விஷுவல் ஸ்டூடியோவை அப்டேட் செய்தீர்களா?

விஷுவல் ஸ்டூடியோ 2022-இன் 17.10 பதிப்பில், 2024-இல், எஸ்டிடி மியூடெக்ஸ் என்ற பூட்டைத் தொடங்கிவைக்கும் கன்ஸ்ட்ரக்டரை மாற்றினார்கள். முன்பு அதைத் தயார்செய்யும் வேலையை எம்எஸ்விசிபி140.டிஎல்எல் செய்தது, இப்போது கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. புதிய கம்பைலரில் கட்டிய நிரல் பழைய எம்எஸ்விசிபி140-ஐப் பிடித்தால், பழைய கோப்பு எதிர்பார்க்கும் ஏற்பாடு அங்கே இருக்காது. முதல் முறை லாக் செய்யும்போதே நிரல் விழும். உங்கள் கணினியில் புதிய ரன்டைம் இருப்பதால் ஆயிரம் முறை ஓட்டினாலும் விழாது.

எனக்கு இது வந்தபோது வாடிக்கையாளர் கணினியில் புதிய தொகுப்பு நிறுவப்பட்டே இருந்தது. அரை நாள் அதை நம்பி ஏமாந்தேன். கடைசியில் ஈவென்ட் வியூவரில் அந்த மாட்யூலின் முழுப் பாதையைப் படித்தேன்: சிஸ்டம்32 அல்ல, என் நிரலின் சொந்த ஃபோல்டர். பல வருடங்களுக்கு முன், இன்ஸ்டாலர் தொந்தரவு வேண்டாம் என்று நானே நகலெடுத்து வைத்த எம்எஸ்விசிபி140 அங்கே கிடந்தது. நிரலின் ஃபோல்டரில்தான் முதலில் தேடும் என்பதால் சிஸ்டத்தில் எவ்வளவு புதியது இருந்தும் பயனில்லை. அந்த ஒரு கோப்பை நீக்கியதும் ஓடியது.

பழையதை மாற்ற வழியே இல்லாத இடத்துக்காக, மியூடெக்ஸின் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும் மேக்ரோ ஒன்று உண்டு: "_டிசேபிள்_கான்ஸ்ட்எக்ஸ்பிஆர்_மியூடெக்ஸ்_கன்ஸ்ட்ரக்டர்". அவசரத்துக்கு உதவும். ஆனாலும் ரன்டைமைப் புதுப்பிப்பதுதான் வழி.

டிஎல்எல்களைப் பக்கத்திலேயே வைத்து அனுப்புவதில் தவறில்லை, மைக்ரோசாஃப்டே அனுமதிக்கிறது. அட்மின் உரிமை இல்லாத கணினிகளுக்கு அதுவே வழி. ஆனால் அப்படி வைத்தால் விண்டோஸ் அப்டேட் அவற்றைத் தொடாது. ஒவ்வொரு வெளியீட்டிலும் கம்பைலரோடு சேர்த்து அவற்றையும் மாற்றும் பொறுப்பு நம்முடையது. அதை பில்ட் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

"எல்லாவற்றையும் இஎக்ஸ்இ உள்ளேயே சேர்த்துவிட்டால் என்ன?" ப்ராஜெக்ட் அமைப்பில் ரன்டைம் லைப்ரரி என்ற இடத்தில் "மல்டி-த்ரெடட் டிஎல்எல்" என்பதை வெறும் "மல்டி-த்ரெடட்" என்று மாற்றினால் விசிரன்டைம் கேள்வியே எழாது. ஒற்றை இஎக்ஸ்இ என்றால் நானும் அப்படித்தான் செய்கிறேன். பல டிஎல்எல்கள் சேர்ந்த நிரலில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ரன்டைமின் தனி நகல் வந்துவிடும், ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்றில் விடுவித்தால் நிரல் விழலாம்.

"சைட் பை சைட் கான்ஃபிகரேஷன் தவறு"

விஷுவல் ஸ்டூடியோ 2005 அல்லது 2008-இல் கட்டிய ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்து ரன்டைம், எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் வழியாக, விண்டோஸின் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் தேடப்படும், வெறும் கோப்பை நகலெடுத்தால் வேலை செய்யாது. ஈவென்ட் வியூவரில் சைட்பைசைட் என்ற பெயரில் பதிவு இருக்கும். எந்தப் பதிப்பு வேண்டும் என்று அதில் முழுதாக எழுதியிருக்கும். அதற்குரிய தொகுப்பை நிறுவினால் முடிந்தது. அந்தப் பெயரில் டீபக்சிஆர்டி என்று இருந்தால் மேலே சொன்ன டீபக் கதைதான்.

சர்வீஸ், ப்ளக்-இன், பைத்தான்: திரையில் எதுவும் தெரியாத இடங்கள்

சர்வீஸாகவோ டாஸ்க் ஷெட்யூலரிலோ ஓடும் நிரலுக்குப் பெட்டி வராது. கமாண்ட் ப்ராம்ப்டில் நேராக ஓட்டி, எரர்லெவலை எக்கோ செய்து பாருங்கள். மைனஸ் 1073741515 வந்தால் அது 0எக்ஸ்சி0000135, டிஎல்எல் கிடைக்கவில்லை. மைனஸ் 1073741701 என்றால் நம்முடைய பழைய 0எக்ஸ்சி000007பி.

லோட்லைப்ரரி என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் ஏற்றும் ப்ளக்-இன்னில் 126 என்ற பிழை எண் வந்தால் பலரும் அந்த ப்ளக்-இன் கோப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோப்பு கண் முன்னால் இருக்கும், விண்டோஸ் இல்லை என்று சொல்லும். அது சொல்வது அந்தக் கோப்பை அல்ல, அந்தக் கோப்பு கேட்கும் இன்னொரு கோப்பை. பைத்தானில் "டிஎல்எல் லோட் ஃபெயில்ட்" என்று வருவதும் பெரும்பாலும் இதேதான். டிபென்டன்சீஸ் என்ற திறமூலக் கருவியில் அந்த ப்ளக்-இன்னைத் திறந்தால் சங்கிலி முழுதும் மரமாக விரியும். பழைய டிபென்டன்சி வாக்கரை விண்டோஸ் 10-இல் பயன்படுத்தாதீர்கள், இருக்கும் ஏபிஐ-எம்எஸ் கோப்புகளையும் இல்லை என்று காட்டிக் குழப்பும்.

ஜன்னல்கள் அமைக்க உதவும் க்யூட்டி லைப்ரரியில் எழுதியவர்களுக்கு "பிளாட்ஃபார்ம் ப்ளக்-இன்" பற்றி வரும் பிழையில், நிரலின் பக்கத்தில் பிளாட்ஃபார்ம்ஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் க்யூவிண்டோஸ்.டிஎல்எல்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் நகலெடுப்பதை விட்டு, க்யூட்டியோடு வரும் விண்டிப்ளாய்க்யூட்டி கருவியை ஓடவிட்டால் அதுவே எடுத்து வைக்கும்.

அனுப்பும் முன் சோதிக்கும் இடம், இன்ஸ்டாலர் திருப்பும் எண்கள்

விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து ப்ரோ கணினிகளில் விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் இருக்கிறது. மூடியதும் உள்ளே செய்தது எல்லாம் அழிந்துவிடும், அடுத்த முறை புதுக் கணினியாகவே திறக்கும். திறந்ததும் முதல் வேலையாக சிஸ்டம்32-இல் விசிரன்டைம்140 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. எதுவும் நிறுவாத விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினில் வைத்து அதில் சோதியுங்கள். விஷுவல் ஸ்டூடியோவை மட்டும் அதில் ஒருபோதும் நிறுவாதீர்கள்.

இன்ஸ்டாலரிலிருந்து தொகுப்பை "/இன்ஸ்டால் /கொயட் /நோரீஸ்டார்ட்" என்று ஓட்டினால் வாடிக்கையாளருக்குத் தனி ஜன்னல் எதுவும் தெரியாது. ஓட்டுவதற்கு முன் தேவையா என்று ரெஜிஸ்ட்ரியில் பார்க்கலாம்: லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விஷுவல்ஸ்டூடியோ, 14.0, விசி, ரன்டைம்ஸ், எக்ஸ்64. அங்கே இன்ஸ்டால்ட் 1 என்று இருப்பது மட்டும் போதாது. மேஜர், மைனர், பில்ட் எண்களையும் உங்கள் தொகுப்போடு ஒப்பிடுங்கள். 32 பிட் தொகுப்புக்கு வாவ்6432நோட் கிளையின் கீழே பாருங்கள்.

தொகுப்பு முடிந்து திருப்பும் எண் 0 என்றால் சரி. 3010 என்றாலும் சரிதான், ஒரு முறை ரீஸ்டார்ட் வேண்டும் என்று சொல்கிறது, அதை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது. பூஜ்ஜியம் அல்லாத எல்லாவற்றையும் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் இந்த 1638-இல்தான் நிறுவலையே ரத்துசெய்துவிட்டு வெளியேறும். எந்தக் குறையும் இல்லாத கணினியில் நம் நிரல் ஏறாமல் போகும். உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து அந்த மூன்று எண்களும் வெற்றிப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.